மிஷின்காரர் வைத்த பொறி

தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவருக்கு அந்தத் தெருவில் பெயர் என்று ஒன்று கிடையாது. மிஷின்காரர், அவ்வளவுதான். ஆள் வாட்டசாட்டம். குரல், இரும்பு ஷட்டரை மேலிருந்து இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள் கடை வாசலில் நின்று, "நீ கேளு", "இல்ல, நீ கேளு" என்று ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளுவார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, "கடிக்க மாட்டேன், வாங்க" என்பார். அது இன்னும் பயமாக இருக்கும்.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம். எந்த மிஷின் வந்தாலும் கை முதலில் ஸ்பிரிங்குக்குப் போகும், அப்புறம் எண்ணெய்க் குப்பிக்கு. "பாதி மிஷின் இறுக்கிப் பிடிச்சே வீணாப் போகுதும்மா. கொஞ்சம் தளர்த்தி விட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா, அது பாட்டுக்கு ஓடும்." மிஷினோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கதவு, குழாய், சைக்கிள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தளர்த்தி எண்ணெய் விட்டிருந்தார். மனைவியின் மூக்குக் கண்ணாடியைக்கூட விடவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாள் குனிந்தால் கண்ணாடி தரையில் கிடக்கும்.

"இன்னும் என் வாய் ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் எண்ணெய் விட்ருங்க" என்பாள்.

"அது ஏற்கெனவே நல்லாத்தான் ஓடுது" என்பார் அவர்.

முன்பக்கம் கடை, நடுவில் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் தண்ணீர்க் குழாயோடு ஒரு சின்ன முற்றம். அவ்வளவுதான் வீடு. அந்த நடு அறையில் இப்போது ஒரு மரத்தொட்டில் வந்திருந்தது. தொட்டிலுக்குள் ஒரே மகளின் குழந்தை. நாள் முற்றுமுன்னே பிறந்தது. மகளின் புருஷன் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் பாதி ரோட்டில்தான் கழியும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே கூட்டி வந்துவிட்டார்கள். "எடை ஏறணும். பஸ்ல, கூட்டத்துல தூக்கிட்டு அலையாதீங்க. இருக்கற இடத்துலயே இருக்கட்டும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் மிஷின்காரர் தடுமாறுவார். மிஷின்களின் இரும்புத் தலைகளைத் தூக்கிப் பழகிய கைக்கு, கனமே இல்லாத ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

ஒரு காலையில், தொட்டிலுக்கு அடியில் உருண்டு போன குழந்தையின் தொப்பியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரையில் கறுப்பாக, கொட்டையாக, நாலைந்து எலிப் புழுக்கை.

பின்பக்கம் மகள் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவசரமாக ஒரு காகிதத்தில் அவற்றை ஒதுக்கி எடுத்து மடித்து, சட்டைப்பைக்குள் போட்டார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. தொப்பி."

மிஷின்காரருக்கு எலி என்றால் உயிர் போய் உயிர் வரும். இது உலகத்தில் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், பழைய மிஷின் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து அதன் இழுப்பறைக்குள் கையை விட்டிருக்கிறார். உள்ளே இருந்த எலி, ஓட வேறு வழியில்லாமல் அவர் கைவழியாகவே சட்டைக்குள் ஏறி, முதுகில் ஒரு சுற்றுச் சுற்றிக் கழுத்துவழியே குதித்துப் போனது. அந்தச் சின்னக் கால்களின் பரபரப்பும், ஈரமான மூக்கு தோளில் பட்ட குளிர்ச்சியும் இத்தனை வருஷமாகியும் தோலை விட்டுப் போகவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் சமையலறையில் ஏதோ ஓட, இவர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டார். புதுப்பெண்தான் துடைப்பத்தை எடுத்தாள். இன்றுவரை அவள் அதை வெளியில் சொன்னதில்லை. அதற்காகவே அவளுடைய மற்றப் பேச்சையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார்.

நேரே இரும்புக் கடைக்குப் போனார்.

"வாங்கண்ணே. மிஷினுக்கு ஸ்க்ரூவா?" என்றார் கடைக்காரர்.

"எலிக்கு ஒண்ணு வேணும்."

"எலிக்கா? தலகாணியா, போர்வையா?"

"பல்லக் காட்டாம பொறிய எடு."

"கோவப்படாதீங்க. எலியா, சுண்டெலியா? ஆளுக்குத் தகுந்த அளவுல்ல எடுக்கணும்."

மிஷின்காரர் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தார். "சுண்டெலின்னா அரிசியில பாதிதான் இருக்கும். இது காஞ்ச திராட்சை கணக்கா கிடக்கே. பெரிய ஆளுண்ணே."

ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். முதலில் கூண்டு. "உயிரோட விழும். காலைல பாத்தா உள்ள உக்காந்துட்டு உங்களையே பாக்கும்." மிஷின்காரர் கூண்டைத் தள்ளி வைத்தார். அடுத்து பசை அட்டை. "ஒட்டிக்கிட்டுக் கத்தும் பாருங்க, தெருவே எந்திரிக்கும்." அதையும் தள்ளினார். கடைசியில் பலகைப் பொறி: மரப்பலகை, மேலே தடித்த ஸ்பிரிங், சடாரென்று மடங்கி விழும் கம்பி. "இது வந்தா ஒரே அடி. அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"இதையே குடு. ரெண்டு. அப்படியே விஷமும் ஒரு பொட்டலம்."

"விஷம் தின்னுட்டு எங்கயாவது சுவருக்குள்ள போய்ச் செத்துச்சுன்னா வீட்டுல குடியிருக்க முடியாதுண்ணே. எங்க பாத்தீங்க இத?"

"தொட்டிலுக்கு அடியில."

கடைக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது. விஷப் பொட்டலத்துக்குப் போன கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "கைக்குழந்தையா?"

"ம்."

"விஷம் வேண்டவே வேண்டாம். பொறிய இன்னைக்கே வைங்க. சுவரை ஒட்டி வைங்க, அது சுவரை உரசிக்கிட்டுத்தான் போகும். தீனிய நூல்ல கட்டி வைங்க, இழுத்தாத்தான் விழும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பால் வாசனைக்கு வருதுண்ணே அது. குழந்தைக்கு வாய நல்லாத் துடைச்சுப் படுக்க வைக்கச் சொல்லுங்க. விரலையும்."

எந்த நேரமும் கிண்டலடிக்கிற மனுஷன் இப்படி மெதுவாகப் பேசியது மிஷின்காரரை இன்னும் பயமுறுத்தியது. பாக்கிச் சில்லறை வாங்க மறந்து வந்துவிட்டார்.

கடையில் உட்கார்ந்து ஒரு பொறியின் கம்பியை இழுத்து மாட்டி வைத்து, பென்சிலால் தட்டிப் பார்த்தார். டப்! பென்சில் இரண்டாகப் போனது. பாதி பறந்து போய்ச் சுவரில் அடித்தது.

அதைப் பார்த்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மகள் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவள். தூக்கக் கலக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து வரும்போது இதில் காலை வைத்தால்? விரல் நொறுங்கும். குழந்தை கையில் இருக்கும்போது வைத்தால்? அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

கை தானாகவே குறட்டுக்குப் போனது. ஸ்பிரிங்கின் காலை நெம்பி இறுக்கத்தைத் தளர்த்தினார். கொக்கியை அரத்தால் ராவி வழவழப்பாக்கினார். பிறகு, வேறென்ன, எண்ணெய். திரும்ப ஒரு பென்சிலை வைத்துத் தட்டினார். கம்பி மடங்கி விழுந்து பென்சிலைப் பிடித்துக்கொண்டது. உடையவில்லை; தடம் மட்டும் பதிந்தது. இரண்டாவது பொறிக்கும் அதே வைத்தியம். 'இது போதும், எலிதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிய ஆள் என்று கடைக்காரர் சொன்னது காதில் ஒலித்தது. அதையும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

கொக்கி வழவழப்பானதில் இன்னொரு வில்லங்கம். கடையில் மிஷினை ஓட்டிப் பார்த்தால், அந்த அதிர்வுக்கே அறைக்குள் பொறி விழுந்தது. டப்! குழந்தை வீறிட்டு அழும். மகள் ஓடுவாள். மிஷின்காரர் கையிலிருந்த திருப்புளியோடு எழுந்து, வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல், "என்ன, விழுந்துச்சா?" என்று அங்கிருந்தே கேட்பார்.

"காத்து விழுந்திருக்கு. வந்து எடுங்க" என்பாள் மனைவி.

சுவரோரம் என்றால் இருட்டு; கிட்டப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் இரண்டு பொறியையும் அறை நடுவில் வைத்திருந்தார். தூரத்திலிருந்தே தெரியுமல்லவா? எலிக்கும் தெரிந்திருக்கும். வேர்க்கடலை வைத்தது வைத்தபடி கிடந்தது. ஆனால் சமையலறை சோப்பில் பல் பட்டிருந்தது. கடையில் நூல்கண்டு ஒன்று பாதியாகியிருந்தது. கதவோரச் சுவரில் தரையை ஒட்டி அழுக்குக் கோடு ஒன்று நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கோடு தொட்டிலைப் பார்த்துப் போகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகள் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, சின்ன எலி."

ஒரு காலையில் மகள் தொட்டில் விரிப்பை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தாள். வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. விரிப்பை மிஷின்மேல் போட்டாள். பால் சிந்தி மொடமொடப்பாகியிருந்த மூலையில் கைப்பிடி அளவுக்குத் துணி இல்லை. ஓரமெல்லாம் பல் தடம்.

"தலை மாட்டுலப்பா. தலைக்கு இவ்வளவு தூரம்" என்று இரண்டு விரலால் அளந்து காட்டினாள். அந்த இடைவெளியில் ஒரு பொத்தான் பெட்டிகூட வைக்க முடியாது. "சின்ன எலின்னு சொன்னீங்க."

வாடிக்கைக்காரப் பெண் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு, "அப்புறமா வரேங்க" என்று போய்விட்டாள்.

மனைவி பொறியைக் கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க. கடலை மேல, பலகை மேல எல்லாம் மிஷின் எண்ணெய். மனுஷிக்கே குமட்டுது. அது எப்படி வாய வைக்கும்?"

"தீனிய மாத்தணும்" என்றார்.

"என்ன வைக்கறது? அதுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு போச்சுல்ல?" என்றாள் மகள். அந்தக் குரலில் அழுகை இல்லை. கடித்துப்போட்ட விரிப்பைக் கையில் எடுத்து, பால் காய்ந்த பக்கத்திலிருந்து ஒரு கீற்றுக் கிழித்தாள். "என் புள்ள வாசனைக்குத்தானே வருது? அதையே வைங்க."

"அது வேண்டாம்மா."

"ஏன்?"

அவருக்குக் குழந்தையையே கொண்டுபோய்ப் பொறியில் வைக்கிற மாதிரி இருந்தது. மகள் காத்திருக்கவில்லை. இரண்டு பொறியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தாள். துணிக் கீற்றை இரண்டாக்கி, கொக்கித் தகட்டில் நூலால் இறுக்கிக் கட்டினாள். கறுப்புக் கோட்டின்மேல், தகடு சுவர்ப்பக்கம் இருக்கும்படி, தொட்டிலுக்கு இந்தப்புறம் ஒன்றும் அந்தப்புறம் ஒன்றுமாக வைத்தாள்.

ஸ்பிரிங்கைத் தளர்த்தியிருக்கிறேன் என்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஏற்கெனவே விரிப்பைக் காட்டி நிற்கிற மகளிடம் இதையும் எப்படிச் சொல்வது? இறுக்கிவிடலாம் என்றால் அவள் வெறுங்கால் கண்முன் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மகள் பின்பக்கம் குளிக்கப் போனாள். "கொஞ்ச நேரம் பாத்துக்குங்கப்பா, இப்பத்தான் தூங்குறா." கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தெருவில் சத்தமில்லை. மிஷின்காரர் அறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கேட்டது ஒரு சுரண்டல். பிறகு கதவு இடுக்கில் ஒரு மூக்கு. மூக்குக்குப் பின்னால் தலை, தலைக்குப் பின்னால் உடம்பு, வந்துகொண்டே இருந்தது. சுவரை உரசியபடி, அவசரமில்லாமல், தினமும் நடக்கிற பாதையில் நடக்கிற மாதிரி அது போனது.

அவருக்குக் கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தினால் அது எந்தப் பக்கம் ஓடும்? தொட்டில் துணி தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு அதைவிட நல்ல ஏணி வேண்டியதில்லை. பொறிக்குப் போ, பொறிக்குப் போ என்று மனசுக்குள் கெஞ்சினார். முதுகில் பழைய கால்கள் ஓட ஆரம்பித்தன.

எலி பொறியிடம் நின்றது. முகர்ந்தது. துணிக் கீற்றைப் பல்லால் பிடித்து இழுத்தது.

டப்!

ஒரே அடி என்றுதானே கடைக்காரர் சொன்னார்? ஒரே அடியில் ஒன்றும் முடியவில்லை. அது திமிறித் திரும்பிய வேகத்தில் கம்பி இடுப்பில் விழுந்து பிடித்திருந்தது. பிடித்திருந்தது, அவ்வளவுதான். எலி கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, முன்னங்கால்களால் தரையைப் பிறாண்டி, பலகையோடு நகர ஆரம்பித்தது. தரக், தரக் என்று பலகை இழுபட்டது. அது வந்த வழியே போகவில்லை. பக்கத்தில் இருந்த மறைவு தொட்டில்தான். தொங்கிய துணிக்குள் தலை போயிற்று. துணி அசைந்தது. குழந்தை விழித்துச் சிணுங்கியது.

எப்படி எழுந்தார் என்று பிறகு கேட்டால் அவருக்கே தெரியாது. ஒரு கையால் குழந்தையை அள்ளி மார்போடு சேர்த்தார். மறு கையால், பழைய எலி ஏறி ஓடிய அந்தக் கையால்தான், துணிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். எலி உடம்பை வளைத்து அவர் விரலைத் தேடியது. ஈரமான மூக்கு கட்டைவிரலில் பட்டது. பலகையை நடு அறைக்கு வீசினார். தண்ணீர் பிடிக்கிற இரும்பு வாளி கதவோரம் இருந்தது. காலால் இழுத்து, கையால் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வாளிக்குள் பலகை இரும்பில் மோதியது. அவருடைய எலும்பெல்லாம் அந்தச் சத்தம் ஏறியது. குழந்தையின் உச்சந்தலை அவர் தாடைக்குக் கீழே சூடாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. திரும்பவும் முதல் விரலிலிருந்து பார்த்தார்.

மகள் ஈரத்தலையோடு ஓடி வந்தபோது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வாளி தடதடவென்று ஆடியது. மகளுக்கு எல்லாம் புரிந்தது. குழந்தையை வாங்கக் கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்றில்லை. கை பிரியவில்லை.

மருந்துக் கடையிலிருந்து மனைவி வந்தாள். பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் கை முதலில் துடைப்பத்துக்குத்தான் போனது.

"எந்திரிங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ இரு" என்றார். குரல் ஷட்டர் மாதிரி இல்லை. தைக்கும்போதே நூல் அறுந்த மாதிரி இருந்தது. "அது பாதி உயிரா கிடக்குன்னா அதுக்கு நான்தான் காரணம். ஸ்பிரிங்கைத் தளர்த்திட்டேன். உன் பொண்ணு கால்ல பட்டுரும்னு பயந்து தளர்த்திட்டேன்."

மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். வாளிக்கு அடியில் ஒரு தகட்டை நுழைத்துக் கொடுத்தாள். அவர் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, வாளியையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்துப் பின்பக்கம் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நெடுநேரம் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் இரும்புக் கடைக்குப் போய்ச் சிமெண்டும் கம்பி வலையும் வாங்கி வந்தார். "ஒரே அடின்னு சொன்னியே" என்றார் கடைக்காரரிடம். "விழலையா?" என்று அவர் கேட்க, "விழுந்துச்சு" என்று மட்டும் சொன்னார். கதவு நிலைக்குக் கீழே மரம் அரித்துப்போன இடுக்கில் வலையைத் திணித்துப் பூசினார். சமையலறைக் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. அதன் விளிம்பும் எண்ணெய் பட்ட மாதிரிக் கறுத்திருந்தது. இங்கேயும் நடமாட்டம் உண்டு. கையை உள்ளே விடாமல் குச்சியால் வலையைத் தள்ளி அடைத்தார்.

பிறகு கடையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பொறியின் ஸ்பிரிங்கைக் குறட்டால் பழையபடி இறுக்கினார். எண்ணெய்க் குப்பி பக்கத்திலேயே இருந்தது; தொடவில்லை. பலகையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மரப்பெட்டி செய்து, எலி நுழைய மட்டும் இரண்டு பக்கமும் வழி விட்டு, பொறியை அதற்குள் வைத்தார். யார் காலும் அதில் படாது. இது அப்போதே ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூடுமுன் பென்சிலால் தட்டினார். டப்! பென்சில் இரண்டாகப் போனது.

உள்ளே குழந்தை திடுக்கிட்டது, அழவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்காப்பா?"

"ஒண்ணு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். நிறுத்தினார். "இருக்கும்மா. இருக்கற மாதிரிதான் தெரியுது."

"பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான்" என்றார் மிஷின்காரர். பொறியைத் திரும்ப மாட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு போய், கறுப்புக் கோட்டின்மேல் மண்டியிட்டு, சுவரோடு சேர்த்து வைத்தார். முக்காலியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை வாசலில் போடவில்லை.